ரெயில் பெட்டியில் முடி துறந்த ஜார்

1917-ம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி. அதிகாலை 2 மணி. எங்கு பார்த்தாலும் வெண்பனி. ரஷியாவின் தலைநகரான பெட்ரோகிராடை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஒரு ரெயில், மலாயா விஷேரா என்ற சிறிய ஸ்டேஷனில் நின்றுவிட்டது.

அது அரச ரெயில். நீல நிறப் பெட்டிகள். அவற்றின் மீது இரட்டைத் தலைக் கழுகுச் சின்னம். உள்ளே படுத்திருந்தவர், பூமியின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கை ஆண்ட சக்கரவர்த்தி. ஜார் இரண்டாம் நிக்கோலஸ்!

தலைநகருக்கு இன்னும் 100 மைல்தான் பாக்கி. ஆனால், அதற்கு மேல் போக முடியவில்லை. அடுத்த ஸ்டேஷன்களைப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்துவிட்ட சிப்பாய்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது.

அதிகாரிகள் ஜாரை எழுப்பி விஷயத்தைச் சொன்னார்கள். அவர் பதறவில்லை. கோபப்படவும் இல்லை. அப்படியானால் பிஸ்கோவுக்குப் போகலாம் என்றார். வடக்குப் போர்முனைத் தளபதியின் தலைமையகம் அந்த ஊரில் இருந்தது. ரெயில் வந்த வழியே திரும்பியது.

சக்கரவர்த்திக்கே தன் தலைநகருக்குப் போக வழி இல்லை! மறுநாள் நள்ளிரவுக்குள், அந்த ரெயிலிலேயே அவர் முடி துறந்துவிட்டார். 304 ஆண்டுகள் ரஷியாவை ஆண்ட ரோமனோவ் வம்சம், ஒரு பென்சில் கையெழுத்தோடு முடிந்தது.

பாட்டனாரின் ரத்தம்

நிக்கோலஸ் 1868-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி, தலைநகருக்கு அருகே உள்ள ஜார்ஸ்கோய் செலோ அரண்மனையில் பிறந்தார். (அந்தக் காலத்து ரஷியக் காலண்டர் நம் காலண்டருக்கு 12, 13 நாள் பின்தங்கி இருந்தது. இங்கே எல்லாத் தேதிகளும் நம் காலண்டர்படி தரப்படுகின்றன.)

அவர் பிறந்த நாள், பைபிளில் வரும் யோபுவின் திருநாள். செல்வம், பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்டவர் யோபு. இந்தப் பொருத்தம் நிக்கோலஸ் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தன் தலையில் துன்பம்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் நம்பினார்.

சிறு வயதிலேயே அவர் கண்ட காட்சி பயங்கரமானது. 1881-ம் ஆண்டு மார்ச் மாதம் 13-ந் தேதி. அவருடைய பாட்டனார் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் மீது புரட்சிக்காரர்கள் வெடிகுண்டு வீசினார்கள். கால்கள் சிதைந்த நிலையில் அவரைத் தூக்கிவந்து அரண்மனையில் கிடத்தினார்கள். அவர் உயிர் பிரிந்தபோது, மாலுமி உடை அணிந்த 12 வயதுப் பேரன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

பண்ணை அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தவர் அந்தப் பாட்டனார். மக்கள் பிரதிநிதிகளை அழைத்து ஆலோசனை கேட்கும் ஒரு திட்டத்துக்கு அவர் சாகும் அன்று காலையில்தான் சம்மதம் தந்திருந்தார். அடுத்து முடிசூடிய மகன் மூன்றாம் அலெக்சாண்டர் அந்தத் திட்டத்தைக் குப்பையில் போட்டார். மக்களுக்கு இடம் கொடுத்ததால்தான் தந்தை செத்தார் என்பது அவர் எண்ணம். நிக்கோலசுக்கு அமைந்த ஆசிரியரும் அப்படிப்பட்டவரே. தேர்தல், பார்லிமெண்டு எல்லாம் பெரிய பொய் என்று போதித்த பொபெடோனோஸ்செவ்தான் அவருக்கு அரசியல் பாடம் சொன்னவர்.

ஜாரின் அதிகாரம் கடவுள் கொடுத்தது. அதில் ஒரு துளிகூடக் குறையாமல் தந்தையிடம் இருந்து வாங்கி, குறையாமல் மகனிடம் கொடுக்க வேண்டும். இதுவே நிக்கோலஸ் கற்ற பாடம். கடைசி வரையில் அவர் வேறு பாடம் படிக்கவில்லை.

1890-ம் ஆண்டில் இளவரசர் உலகம் சுற்றப் புறப்பட்டார். இந்தியாவையும் இலங்கையையும் பார்த்தார். ஜப்பானில் ஓட்சு என்ற ஊரில், காவலுக்கு நின்ற போலீஸ்காரன் ஒருவனே வாளை உருவி அவர் தலையில் வெட்டினான். உயிர் தப்பியது. தழும்பு நிலைத்தது.

சவப்பெட்டிக்குப் பின்னால் வந்த மணமகள்

தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் மாமிசமலை போன்ற உடம்புக்காரர். இரும்புக் கம்பியைக் கையால் வளைப்பார். இன்னும் 20, 30 ஆண்டுகள் ஆளுவார் என்று எல்லோரும் எண்ணி இருந்தார்கள். ஆனால் 1894-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, 49-வது வயதில் சிறுநீரக நோயால் இறந்துவிட்டார்.

26 வயது நிக்கோலஸ் ஜார் ஆனார். ராணுவத்தில் அப்போது அவர் கர்னல். ஜெனரல் பட்டம் கொடுக்கத் தந்தை உயிரோடு இல்லை. தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொள்ள மகன் விரும்பவில்லை. ஆகவே, சக்கரவர்த்தி ஆன பின்னும் கடைசி வரை கர்னலாகவே இருந்தார்!

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெஸ் நாட்டு இளவரசி அலிக்ஸ் அவருடைய காதலி. விக்டோரியா மகாராணியின் பேத்தி. தந்தையின் அடக்கம் முடிந்து ஒரே வாரத்தில் திருமணம் நடந்தது. அலெக்சாண்டிரா என்ற பெயரோடு அவர் அரசி ஆனார். சவப்பெட்டிக்குப் பின்னால் வந்தவள் என்று கிழவிகள் முணுமுணுத்தார்கள்.

கணவனும் மனைவியும் கடைசி மூச்சு வரை ஒருவர் மீது ஒருவர் உயிரை வைத்திருந்தார்கள். நிக்கோலஸ் குடிகாரர் அல்ல; கொடூர மனம் படைத்தவரும் அல்ல. மென்மையாகப் பேசுவார். யாருடைய முகத்துக்கு எதிரிலும் மறுப்புச் சொல்ல மாட்டார். ஒரு மந்திரியைச் சிரித்துப் பேசி வழியனுப்புவார். அந்த மந்திரி வீட்டுக்குப் போனால், பதவி நீக்கக் கடிதம் வந்து சேரும். தனக்கென்று ஒரு காரியதரிசியைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. கடித உறைகளைத் தானே ஒட்டுவார். ஒரு சிறிய ஆபீசுக்கு அது போதும். 12½ கோடி மக்கள் வாழும் சாம்ராஜ்யத்துக்குப் போதுமா?

1895-ம் ஆண்டு ஜனவரியில், மாகாண சபைகளின் பிரதிநிதிகள் புது ஜாரை வாழ்த்த வந்தார்கள். நாட்டு நிர்வாகத்தில் தங்களுக்கும் சிறிது பங்கு கிடைக்கும் என்று நம்பினார்கள். அதெல்லாம் அர்த்தமற்ற கனவு என்று ஜார் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். வாழ்த்த வந்தவர்கள் வாடிய முகத்தோடு திரும்பினார்கள்.

1896-ம் ஆண்டு மே மாதம் மாஸ்கோவில் முடிசூட்டு விழா. கொடிங்கா மைதானத்தில் மக்களுக்கு இலவசமாக ரொட்டியும் இனிப்பும் ஒரு எனாமல் குவளையும் தருவதாக அறிவித்தார்கள். 5 லட்சம் பேர் திரண்டார்கள். பள்ளமும் குழியுமாகக் கிடந்த மைதானம் அது. நெரிசலில் 1,389 பேர் மிதிபட்டுச் செத்ததாக அரசாங்கக் கணக்கு கூறியது. பிணங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று இரவே, பிரெஞ்சுத் தூதர் நடத்திய நடன விருந்துக்கு ஜாரும் அரசியும் போனார்கள். போக அவருக்கு விருப்பம் இல்லை. சித்தப்பாமார்கள் வற்புறுத்தினார்கள்; மறுக்கத் தெரியவில்லை. ஆனால் மக்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் கண்டது விருந்தை மட்டும்தான்.

மறு ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். தொழில் என்ற இடத்தில், ரஷிய மண்ணின் சொந்தக்காரர் என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார் நிக்கோலஸ்.

துப்பாக்கி முனையில் கிடைத்த சபை

1904-ம் ஆண்டு ஜப்பானோடு போர் மூண்டது. சிறிய நாடுதானே என்று ரஷியர்கள் அலட்சியமாக இருந்தார்கள். போர்ட் ஆர்தர் கோட்டை விழுந்தது. பால்டிக் கடலில் இருந்து பாதி உலகம் சுற்றிச் சென்ற கப்பல் படை, 1905-ம் ஆண்டு மே மாதம் சுஷிமா சண்டையில் அழிந்தது.

அதற்குள் தலைநகரில் தீ பிடித்துவிட்டது. 1905 ஜனவரி 22-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கபோன் என்ற பாதிரியார் தலைமையில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு அரண்மனையை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். கையில் ஜாரின் படம். வாயில் பக்திப் பாட்டு. கூலி உயர வேண்டும், 8 மணி நேர வேலை வேண்டும் என்று ஒரு மனு. சிப்பாய்கள் சுட்டார்கள். செத்தவர்கள் 100-க்கு மேல் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. அன்று ஜார் அரண்மனையில் இல்லை. சுடச் சொன்னதும் அவர் அல்ல. ஆனாலும், ஜார் நம் தகப்பன் என்று ரஷியக் குடியானவன் நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்த நம்பிக்கை அன்று பனியில் விழுந்து செத்தது.

அக்டோபரில் நாடு முழுவதும் வேலை நிறுத்தம். ரெயில் ஓடவில்லை. ஜாருக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, ராணுவ சர்வாதிகாரம். மற்றொன்று, மக்கள் சபை. சர்வாதிகாரியாக அவர் மனதில் இருந்தவர், சித்தப்பா முறையான கோமகன் நிக்கோலாய். ஆறரை அடி உயரம். ராணுவத்தில் செல்வாக்கு மிக்கவர். ஆனால் அவரோ, சபையைக் கொடுக்காவிட்டால் இங்கேயே சுட்டுக்கொண்டு சாவேன் என்று கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டாராம்! இந்தச் சித்தப்பாவை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். இன்னும் இரண்டு முறை வருவார்.

அக்டோபர் 30-ந் தேதி ஜார் கையெழுத்துப் போட்டார். டூமா என்ற மக்கள் சபை பிறந்தது. பிறந்த குழந்தையை அவர் ஒருநாளும் விரும்பவில்லை. 1906-ல் கூடிய முதல் டூமா பத்து வாரங்களுக்குச் சற்று அதிகமாக மட்டுமே நடந்தது. இரண்டாவது டூமாவையும் கலைத்தார். பணக்காரர்களுக்கே அதிக இடம் கிடைக்கும்படி தேர்தல் சட்டத்தை மாற்றினார். டூமாவை உருவாக்கிய பிரதமர் விட்டே, ராஜினாமா செய்துவிட்டுப் போனார். பிறகு வந்த திறமைசாலி ஸ்டோலிபின், 1911-ம் ஆண்டு கீவ் நகரில், நாடகக் கொட்டகையில், ஜாரின் கண் முன்னாலேயே சுடப்பட்டு இறந்தார்.

இளவரசனின் நோய்

இவ்வளவு பிடிவாதம் யாருக்காக? ஒரு சிறுவனுக்காக.

நிக்கோலசுக்கு முதலில் பிறந்த நான்கும் பெண்கள். ஓல்கா, டாட்டியானா, மரியா, அனஸ்தாசியா. ரஷியச் சட்டப்படி ஆண் வாரிசு இருக்கும்போது பெண் பட்டத்துக்கு வர முடியாது. 1904 ஆகஸ்டு 12-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. அலெக்சி என்று பெயர் சூட்டினார்கள். பீரங்கிகள் முழங்கின.

சில வாரங்களில் குழந்தையின் தொப்புளில் இருந்து ரத்தம் கசிந்தது. நிற்கவே இல்லை. டாக்டர்களுக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் உறையாத நோய்! தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும் நோய். விக்டோரியா மகாராணியின் வம்சத்தில் பல பேரைப் பலி வாங்கியது.

ஒரு சின்ன அடி பட்டாலும் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். சிறுவன் இரவு பகலாகத் துடிப்பான். இதை நாட்டு மக்களுக்குச் சொல்லாமல் அரச குடும்பம் மறைத்தது. அதுதான் பெரிய தவறாகப் போயிற்று. இளவரசன் நோயாளி என்று தெரிந்திருந்தால், அரண்மனைக்குள் ரஸ்புடீன் ஏன் வருகிறான் என்று மக்களுக்குப் புரிந்திருக்கும். தெரியாததால், ஆபாசக் கதைகளைக் கட்டினார்கள்.

ரஸ்புடீன் சைபீரியாவைச் சேர்ந்த குடியானவன். சாமியார் வேடம். குடியும் கூத்தும் உண்டு. ஆனால், அவன் வந்து ஜெபித்தால் பையனுக்கு வலி குறைகிறது என்று தாய் நம்பினாள். 1912-ம் ஆண்டு போலந்தில் ஸ்பாலா என்ற இடத்தில் இளவரசன் சாகக் கிடந்தான். மரணத்துக்கு முந்திய சடங்குகூட நடந்துவிட்டது. சைபீரியாவில் இருந்து ரஸ்புடீன் தந்தி அடித்தான்: பையன் பிழைப்பான். பையன் பிழைத்தான்! அது முதல் அரசிக்கு அவன் சொல்லே வேதவாக்கு.

சித்தப்பாவை நீக்கினார்

1914 ஆகஸ்டு 1-ந் தேதி ஜெர்மனி, ரஷியா மீது போர் தொடுத்தது. மறுநாள் அரண்மனை மாடத்தில் ஜார் தோன்றினார். கீழே நின்ற பெருங்கூட்டம் அப்படியே மண்டியிட்டது. 9 ஆண்டுகளுக்கு முன் மனுவோடு வந்தவர்கள் சேர முயன்று குண்டடிபட்ட அதே இடம் அது! செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற தலைநகரின் பெயர் ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று, பெட்ரோகிராடு என்று மாற்றினார்கள். மதுவிலக்கும் வந்தது. ஓட்கா விற்பனை அரசாங்கத்தின் தனி உரிமை. வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. பெரிய போருக்குப் போகும் நேரத்தில் ஜார் தன் கஜானாவைத் தானே அடைத்தார்.

அந்த ஆகஸ்டிலேயே டானன்பர்க் சண்டையில் ஒரு ரஷியப் படை முழுவதும் அழிந்தது. ஏறக்குறைய 90 ஆயிரம் பேர் சிறைப்பட்டார்கள். தளபதி சாம்சனோவ் காட்டுக்குள் போய்ச் சுட்டுக்கொண்டார். 1915-ல் நிலைமை இன்னும் மோசம். பீரங்கிக்குக் குண்டு இல்லை. துப்பாக்கி இல்லாத சிப்பாய், பக்கத்தில் இருப்பவன் செத்தால் அவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொள்ளக் காத்திருந்தான். வார்சா விழுந்தது. போலந்து முழுவதும் கைவிட்டுப் போனது.

அப்போது பிரதம தளபதியாக இருந்தவர், அந்த ஆறரை அடி சித்தப்பாதான். அரசிக்கு அவரைப் பிடிக்காது. ஜார் அவரை நீக்கிவிட்டு, 1915 செப்டம்பர் 5-ந் தேதி தானே பிரதம தளபதி ஆனார்.

மந்திரிகள் திடுக்கிட்டார்கள். வேண்டாம் என்று கெஞ்சினார்கள். எட்டு மந்திரிகள் சேர்ந்து கடிதமே எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் பயந்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை, தோல்வி வந்தால் தளபதியைத் திட்டலாம். இனி யாரைத் திட்டுவது? ஒவ்வொரு தோல்வியும் ஜாரின் தோல்வி ஆகிவிடும். மேலும், 400 மைலுக்கு அப்பால் மொகிலெவ் என்ற ஊரில் ராணுவத் தலைமையகம். ஜார் அங்கே போய்விட்டால் தலைநகரை ஆள்வது யார்?

ஜார் கேட்கவில்லை. சிப்பாய்களோடு சேர்ந்து கஷ்டப்படுவது தன் கடமை என்று அவர் மனதார நம்பினார். நல்ல எண்ணம்தான். ஆனால் ரோமனோவ் வம்சத்தைக் கவிழ்த்த செயல் எது என்று கேட்டால், இந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். உண்மையில் போரை நடத்தியவர் ஜெனரல் அலெக்செயெவ். ஜாருக்குப் படையை நடத்தத் தெரியாது. இளவரசன் அலெக்சியையும் சில மாதங்கள் கூடவே வைத்துக்கொண்டார். ஒரே அறை. அருகருகே இரண்டு ராணுவக் கட்டில்கள். அவர் வாழ்க்கையில் மகிழ்ச்சியான நாட்கள் அவை.

தலைநகரில் அரசியின் கை ஓங்கியது. தினமும் கணவருக்குக் கடிதம் எழுதினார். மகா பீட்டரைப் போலவும் பயங்கர இவானைப் போலவும் இருக்கும்படி புத்தி சொன்னார். இன்னாரை நீக்கு, இன்னாரை நியமி என்று ரஸ்புடீன் சொன்னதை எழுதினார். ஒன்றரை ஆண்டுக்குள் நான்கு பிரதமர்கள் மாறினார்கள். கோரெமிகின், ஸ்டூர்மர், திரெப்பொவ், கோலிட்சின். ஒருவர் நாற்காலி சூடேறுவதற்குள் அடுத்தவர் வந்தார். அரசி ஜெர்மன்காரி, ஜெர்மனிக்கு உளவு சொல்கிறாள் என்ற வதந்தி போர்முனை வரை பரவியது. அது பொய். ஆனால் பொய்யை நம்ப ஒன்றரைக் கோடிச் சிப்பாய்களைப் பெற்ற குடும்பங்கள் தயாராக இருந்தன.

1916 டிசம்பரில் ரஸ்புடீனை அரச குடும்பத்து உறவினர்களே கொன்றார்கள். பிரபு யூசுபோவின் மாளிகைக்கு விருந்துக்கு அழைத்து, சுட்டு, ஆற்றில் தள்ளினார்கள். ஆற்றின் மேல் பனி உறைந்திருந்தது. சாமியார் போனார்; நிலைமை மாறவில்லை. இனி பழியைச் சுமக்க ஜாரைத் தவிர வேறு ஆள் இல்லை.

1917 ஜனவரியில் பிரிட்டிஷ் தூதர் ஜாரைச் சந்தித்தார். மக்களின் நம்பிக்கையை மீண்டும் பெற வேண்டும் என்று பணிவோடு சொன்னார். நான் மக்களின் நம்பிக்கையைப் பெறவேண்டுமா, அவர்கள் என் நம்பிக்கையைப் பெறவேண்டுமா என்று ஜார் திருப்பிக் கேட்டார்.

ரொட்டிக்கு நின்ற பெண்கள்

நாட்டில் தானியம் இருந்தது. ஆனால் ரெயில்கள் போருக்கே போதவில்லை. பெட்ரோகிராடில் கடுங்குளிரில் விடியும் முன்பே ரொட்டிக் கடை வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மணிக்கணக்கில் காத்து நின்றும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மார்ச் 7-ந் தேதி ஜார் மொகிலெவுக்குப் புறப்பட்டுப் போனார். மறுநாள் மார்ச் 8. பெண்கள் தினம். நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, ரொட்டி கொடு என்று தெருவுக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் 2 லட்சம் பேருக்கு மேல் வேலை நிறுத்தம். போருக்கும் ஜாருக்கும் எதிராகக் கோஷம் கிளம்பியது.

லெனின்தான் ஜாரைக் கவிழ்த்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. லெனின் அப்போது சுவிட்சர்லாந்தில் இருந்தார். புரட்சி நடந்ததைப் பிறர் சொல்லியும் பத்திரிகையில் படித்தும்தான் தெரிந்துகொண்டார். போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்தது எட்டு மாதம் கழித்து. அவர்கள் கவிழ்த்தது ஜாரை அல்ல. ஜாருக்குப் பின்னால் வந்த தற்காலிக சர்க்காரை.

மொகிலெவில் இருந்த ஜார், கலவரத்தை நாளைக்கே அடக்க வேண்டும் என்று தந்தி அடித்தார். 11-ந் தேதி சிப்பாய்கள் சுட்டார்கள். பலர் செத்தார்கள். அன்று ஜார் என்ன செய்தார்? சிறு வயதில் இருந்து தினமும் டைரி எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. கோவிலுக்குப் போனது, அரசிக்குக் கடிதம் எழுதியது, உலாவப் போனது, இரவில் டாமினோ ஆடியது ஆகியவை அன்றைய குறிப்பில் இருக்கின்றன. தலைநகரில் சிந்திய ரத்தம் இல்லை.

டூமாவின் தலைவர் ரோட்சியாங்கோ தந்திக்கு மேல் தந்தி கொடுத்தார். மக்கள் நம்பும் மந்திரிசபையை உடனே அமைக்கும்படி மன்றாடினார். அந்தப் பருத்த மனிதன் ஏதோ உளறுகிறான், பதில் வேண்டாம் என்றார் ஜார். அதோடு, டூமாவின் கூட்டத்தையும் நிறுத்திவைக்க உத்தரவு போட்டார்.

மறுநாள், திங்கட்கிழமை காலை. முந்திய நாள் சுட்ட வொலின்ஸ்கி ரெஜிமெண்டு சிப்பாய்கள், தங்கள் அதிகாரியைக் கொன்றுவிட்டு மக்களோடு சேர்ந்தார்கள். பக்கத்து முகாமுக்குப் போய் அங்கிருந்தவர்களையும் இழுத்தார்கள். தலைநகரில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் படை இருந்தது. பெரும்பாலும் கிராமத்தில் இருந்து புதிதாகப் பிடித்துவந்தவர்கள். மாலைக்குள் படை கரைந்துவிட்டது. சுடச் சொல்ல அதிகாரி இருந்தார்; சுட ஆள் இல்லை.

அரண்மனையில் பிள்ளைகளுக்கு அம்மை நோய் கண்டிருந்தது. ஜாருக்குக் கவலை பொறுக்கவில்லை. 13-ந் தேதி விடியும் முன் ரெயில் ஏறினார். முதலில் நாம் பார்த்த பயணம் இதுதான். தந்தி வசதி நிறைந்த தலைமையகத்தை விட்டு, நாடு தீப்பற்றி எரியும் இரண்டு நாட்கள், பிரதம தளபதி தண்டவாளத்தில் அலைந்துகொண்டிருந்தார்.

பிஸ்கோவ் ஸ்டேஷனில்

14-ந் தேதி மாலை ரெயில் பிஸ்கோவ் வந்தது. வரவேற்பு அணிவகுப்பு இல்லை. தளபதி ரூஸ்கி வந்தார். டூமாவுக்குக் கட்டுப்பட்ட மந்திரிசபைக்குச் சம்மதம் கொடுங்கள் என்று வாதாடினார். மந்திரிகள் தவறு செய்தால் கடவுளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்லவா என்று ஜார் மறுத்தார். நள்ளிரவு நெருங்கும்போது ஒருவாறு இணங்கினார். 22 ஆண்டுகளாக மறுத்ததை அன்று இரவு கொடுத்தார்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது! ரூஸ்கி விடிய விடியத் தந்திக் கருவி மூலம் ரோட்சியாங்கோவோடு பேசினார். இனி மந்திரிசபை போதாது, ஜார் பதவி விலக வேண்டும் என்று பெட்ரோகிராடில் இருந்து பதில் வந்தது.

மொகிலெவில் இருந்த அலெக்செயெவ், போர்முனைத் தளபதிகள் எல்லோருடைய கருத்தையும் தந்தி மூலம் கேட்டார். 15-ந் தேதி பிற்பகல் பதில்கள் ஜாரின் கைக்கு வந்தன. தளபதி புருசிலோவ், விலகுங்கள் என்றார். தளபதி எவர்ட், விலகுங்கள் என்றார். காக்கசஸ் போர்முனையில் இருந்து ஒரு தந்தி, மண்டியிட்டு வேண்டுகிறேன், விலகுங்கள் என்றது. அதை அனுப்பியவர் சித்தப்பா நிக்கோலாய்!

ஜார் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். விலகச் சம்மதம் என்றார். மகன் அலெக்சி பட்டத்துக்கு வருவதாக ஏற்பாடு.

பிறகு டாக்டர் பெடரோவைத் தன் பெட்டிக்கு அழைத்தார். இந்த நேரத்தில் அவர் ஜார் அல்ல, தகப்பன். பையனுடைய நோய் குணமாகுமா என்று கேட்டார். விஞ்ஞானத்துக்குத் தெரிந்தவரை குணமாகாது என்றார் டாக்டர். எவ்வளவு காலம் இருப்பான் என்று சொல்ல முடியாது. முடி துறந்த தகப்பன் நாட்டை விட்டுப் போக வேண்டி வரும். அப்போது மகனைக் கூட வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்றும் சொன்னார்.

எந்த மகனுக்காக ஒரு துளி அதிகாரத்தையும் பங்கு போட மறுத்தாரோ, அந்த மகனால் அந்த முடியைத் தாங்க முடியாது. 12 ஆண்டுகளாக மனதின் அடியில் போட்டு மூடி வைத்திருந்த உண்மை அது. ஜார் முடிவை மாற்றினார். மகன் வேண்டாம். தம்பி மைக்கேல் ஆளட்டும்.

இரவு 10 மணிக்கு டூமா பிரதிநிதிகள் குச்கோவும் ஷுல்கினும் வந்தார்கள். ஜாரை இணங்க வைக்க நீண்ட பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார் குச்கோவ். தேவைப்படவில்லை. தட்டெழுத்து அடித்த காகிதத்தை ஜார் எடுத்துவந்தார். மகனை விட்டுப் பிரிய மனம் இல்லை, தகப்பன்மார்களுக்கு இது புரியும் என்று அமைதியாகச் சொன்னார். பென்சிலால் கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு டைரியில், சுற்றிலும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம் என்று எழுதினார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

மறுநாள் தம்பி மைக்கேலும் முடியை ஏற்க மறுத்துவிட்டார். 1613-ம் ஆண்டு ஒரு மைக்கேலோடு தொடங்கிய வம்சம், ஒரு மைக்கேலோடு முடிந்தது. புதுச்சேரியில் இருந்த நம் பாரதியார், ஜாரின் வீழ்ச்சியைப் புதிய ருஷியா என்ற பாட்டாகப் பாடினார்.

நிலவறை

ஜார்ஸ்கோய் செலோவில் காவலில் வைத்தார்கள். கர்னல் ரோமனோவ் என்று சிப்பாய்கள் அழைத்தார்கள். அவர் பனியை வாரினார், மரம் வெட்டினார், காய்கறித் தோட்டம் போட்டார். ராஜ்ய பாரம் இறங்கியதும் நிம்மதியாகக்கூட இருந்தார். இங்கிலாந்துக்கு அனுப்பப் பேச்சு நடந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவருடைய பெரியம்மா மகன். இருவரையும் பார்த்தால் இரட்டையர் என்பார்கள். முதலில் இடம் தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் சர்க்கார், தன் நாட்டுத் தொழிலாளர் கொதிப்பார்கள் என்று ஜார்ஜ் மன்னர் அஞ்சியதால் பின்வாங்கியது.

1917 ஆகஸ்டில் சைபீரியாவில் உள்ள டோபோல்ஸ்குக்கு அனுப்பினார்கள். நவம்பரில் போல்ஷ்விக்குகள் ஆட்சிக்கு வந்தார்கள். 1918-ல் குடும்பத்தை யெகாத்தரின்பர்க் நகரில் இபாத்தியெவ் என்பவரின் வீட்டில் அடைத்தார்கள். முதல் ரோமனோவ் முடியை ஏற்றுக்கொண்ட மடத்தின் பெயரும் இபாத்தியெவ்தான்!

1918 ஜூலை 17-ந் தேதி, நள்ளிரவுக்குப் பின் எல்லோரையும் எழுப்பி நிலவறைக்கு அழைத்துச் சென்றார்கள். அலெக்சியால் நடக்க முடியவில்லை. தகப்பன் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். அரசி நாற்காலி கேட்டார். இரண்டு நாற்காலிகள் வந்தன. காவல் தலைவன் யுரோவ்ஸ்கி ஒரு காகிதத்தைப் படித்தான். உடனே துப்பாக்கிகள் வெடித்தன. ஜார், அரசி, நான்கு பெண்கள், 13 வயது அலெக்சி, டாக்டர் போட்கின், மூன்று வேலைக்காரர்கள். மொத்தம் 11 பேர். பெண்களின் உள்ளாடையில் தைத்து வைத்திருந்த நகைகளில் குண்டுகள் பட்டுத் தெறித்தன. அதனால் அவர்கள் சாகத் தாமதம் ஆயிற்று.

உடல்களைக் காட்டில் புதைத்தார்கள். 1991-ல் தோண்டி எடுத்து, மரபணுச் சோதனை நடத்தினார்கள். ஒன்பது பேரின் எலும்புகள் மட்டுமே கிடைத்தன. 80 ஆண்டு கழித்து, 1998-ம் ஆண்டு அதே ஜூலை 17-ந் தேதி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தேவாலயத்தில் முன்னோர்களின் அருகே அடக்கம் நடந்தது. அலெக்சியும் ஒரு சகோதரியும் அதில் இல்லை. அவர்களுடைய எலும்புத் துண்டுகள் 2007-ம் ஆண்டில், முதல் புதைகுழிக்குச் சிறிது தூரத்தில் கண்டெடுக்கப்பட்டன.